மூன்று வருட அட்டை

2022 ஜூன் 14

இன்று கடைக்கு ஏழு அங்குல ஜிப் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்த அட்டை ஒரு கறை இல்லாமல் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. அதன் பின்பக்கத்தில் என் பட்டப்படிப்பை வரைந்தேன்.

சமூகவியல். மாலைக் கல்லூரி. மூன்று வருடம், ஆறு செமஸ்டர், ஆறு கட்டம். எனக்கு நாற்பத்தாறு வயது. கணக்குப்படி நாற்பத்தொன்பதில் பட்டதாரி.

கடையில் சரக்கு அடுக்குகிற மாதிரியே அடுக்கினேன். சுலபமாக நகர்கிற பாடங்கள் முன்வரிசையில். 'குடும்பமும் உறவும்' முதல் செமஸ்டர், அதில் எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? புள்ளியியலைக் கடைசி செமஸ்டரில், மேல் ராக்கில் தள்ளிவிட்டேன். போகாத சரக்கு.

இவர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சமூகவியலா? அத வெச்சு என்ன பண்ணுவே?" என்றார். இருபத்தைந்து வருடமாக லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிறார், கீழே வருகிறார். அதை வைத்து என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு அட்டையை நேராகப் பிடித்தார்.

ஏன் சமூகவியல்? யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதலாம். இருபத்து நான்கு வருடமாக டெய்லர்களுக்கு பட்டன், நூல், லேஸ், எலாஸ்டிக் விற்கிறேன். ஆரம்பத்தில் பையில் தூக்கிக்கொண்டு கடை கடையாக. ஒரு ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்ன வாங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஏன் என்று கேட்டால் தெரியாது. அந்த 'ஏன்' எங்கேயோ ஒரு புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது வேண்டும்.

2022 ஜூன் 16

நாத்தனாரிடம் பேசியாகிவிட்டது. கல்லூரிக்குப் போகிற சாயங்காலங்களில் கல்லாவில் ஒருவர் உட்கார வேண்டும். அவள்தான். மாடியில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பத்து மாதம் கடலில். பதினைந்து வருடமாக என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மாதிரி அட்டைகளில் பட்டன் தைக்கிறாள். ஒரு அட்டைக்கு இருபத்து நான்கு பட்டன். டெய்லர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

கேட்கிற விதத்தில் கேட்டேன். வாசல் மிதித்தவரிடம் "வேணுமா?" என்று கேட்கவே கூடாது, வேண்டாம் என்று சொல்ல வழி விட்டதாகிவிடும். "வெள்ளையா, கிரீமா?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு பாடத்தில்தான் கடையே நிற்கிறது. அதனால், "சாயங்காலம் நாலு மணிக்கு வர்றியா, அஞ்சு மணிக்கு வர்றியா?" என்றேன்.

"நாலு," என்றாள்.

முடிந்தது வியாபாரம். ஆனாலும் மனசு உறுத்தியது. மூன்று வருடம், அதற்கு மேல் ஒரு நாள்கூட உன் சாயங்காலத்தை எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சரி அண்ணி என்று ஊசியில் நூல் கோத்தாள்.

அட்டையின் கீழே சிவப்பில் எழுதிவிட்டேன்: 2025 ஜூன் 16. கெடு.

2022 ஜூன் 21

கல்லூரியில் எனக்கு வழிகாட்டி ஆசிரியை ஒருவரை ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பது வயதிருக்கும். காதில் கம்மல் இல்லை, ஒரு பென்சில் இருக்கிறது. பேனாவே தொடுவதில்லையாம். பென்சில் மேடம் என்று மனசுக்குள் பெயர் வைத்தாயிற்று.

அட்டையை மேஜைமேல் வைத்தேன். விண்ணப்பப் படிவத்தைக் கேட்டிருந்தவர் ஜிப் பெட்டி அட்டையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தார். புள்ளியியல் மூன்றாம் செமஸ்டர். அதைத் தாண்டினால்தான் நான்காவதில் ஆய்வு முறைகள். அது இருந்தால்தான் கடைசி வருடம் கள ஆய்வு. நான் போட்டிருந்த வரிசையில் போனால் ஐந்து வருடம் ஆகும்.

"நீங்க கோட்டத் தெச்சு முடிச்சிட்டு லைனிங் வெக்கறீங்க," என்றார்.

என் பாஷையிலேயே என்னை அடித்துவிட்டார். பிடித்துப்போய்விட்டது.

2022 ஜூலை 4

முதல் வகுப்பு. பெஞ்சு என் முழங்காலுக்குச் சிறியது. பக்கத்தில் ஒரு நர்ஸ், வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள், வந்ததும் ஷூவுக்குள்ளேயே கால் விரலை நீட்டி மடக்கினாள்.

ஒரு மனிதர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அதற்குத் தகுந்த மாதிரி நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று மேடம் சொன்னார். கட்டிங் மேஜைக்குப் பின்னால் நிற்கும்போது டெய்லருக்கு வருகிற குரலும், என் கடையில் கடன் சொல்லும்போது அதே ஆளுக்கு வருகிற குரலும்! என் கடையில் வருடக்கணக்காகக் கிடக்கிற சரக்குக்கு யாரோ பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

2022 செப்டம்பர் 8

வகுப்பில் பேசினேன். போதும் என்றார்கள்.

2022 செப்டம்பர் 9

மறுபடியும் பேசினேன். நர்ஸ் என் முழங்காலைக் கிள்ளினாள்.

2022 டிசம்பர் 19

முதல் செமஸ்டர் தேறிவிட்டேன். 'குடும்பமும் உறவும்' பாடத்தில்தான் மதிப்பெண் மட்டம். இவர் ஒரு வாரமாக அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

2023 மார்ச் 2

பின்னறைக்கு எலாஸ்டிக் சுருள் எடுக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர். ஒவ்வொரு நாளும் சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கிறது. ஒரு நாள் தப்பவில்லை.

நாட்களை எண்ணுகிறாள். ஜெயிலில் சுவரில் கோடு போடுவார்களே, அது மாதிரி.

எதுவும் கேட்காமல் எலாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அட்டை தவறக் கூடாது. ஒரு செமஸ்டர் சறுக்கினாலும் அவளுக்குக் கொடுத்த வார்த்தை போச்சு.

2023 ஆகஸ்ட் 17

புள்ளியியல் என்றால் பயந்து செத்தேனே, அது பட்டன் அளப்பது!

எல்லாம் ஒரே அளவு என்று சப்ளையர் அனுப்பிய பெட்டியிலிருந்து நூறு பட்டன் எடுத்து அளந்தேன். சராசரி சரியாகத்தான் இருந்தது. ஆனால் பாதி பெருசு, பாதி சிறுசு, சராசரியில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. திட்ட விலக்கம் போட்டுக் காட்டி மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பினேன். சப்ளையரின் ஆள் தாளை முன்னும் பின்னும் பார்த்தான். "அக்கா, திட்டறதுன்னா நேராத் திட்டிடுங்க," என்றான்.

மேடமிடம் சொன்னேன். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

2023 அக்டோபர் 11

கோட் டெய்லர் காலையில் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். இந்த மாதத்தில் இப்படி மூன்றாவது ஆள். படிக்கப் போனதிலிருந்து என் முகத்தில் ஏதாவது வந்துவிட்டதா?

2024 மே 6

நான்கு கட்டம் முடிந்தது. அட்டை ஓரத்தில் டீ கொட்டிவிட்டது, மற்றபடி எல்லாம் கணக்குப்படி.

2024 ஆகஸ்ட் 22

கள ஆய்வுக்குத் தலைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது. சட்டையைத் தைத்தவர் என்று எல்லோரும் டெய்லரைச் சொல்கிறோம். அவர் வெட்டுகிறார், மிஷினில் ஓட்டுகிறார். பட்டன் நுழைகிற காஜா போடுவது, பட்டன் வைப்பது, கீழ் மடிப்பைக் கையால் தைப்பது எல்லாம் வேறு ஆள். பெரும்பாலும் ஒரு பெண், ஏதாவது ஒரு வீட்டின் ஜன்னலோரத்தில். மூட்டையாகப் போய் மூட்டையாக வரும். அந்தப் பெண்கள் யார், அந்த வேலையை என்னவென்று நினைக்கிறார்கள்? நாற்பது பேரைப் பேட்டி எடுக்க வேண்டும்.

நாற்பதா, எனக்கா? டெய்லர் ஒவ்வொருவரும் என் வாடிக்கை. மற்றவர்கள் இரண்டு பேரைத் தேடி அலைகிறார்கள்.

2024 நவம்பர் 15

நாற்பதும் முடித்துவிட்டேன். வகுப்பிலேயே முதல் ஆள். அத்தனையும் கச்சிதமான பதில்கள். ஒருவர்கூட இழுக்கவில்லை, மழுப்பவில்லை. நர்ஸுக்கு இன்னும் ஆறு பேர் பாக்கி, பொறாமையில் என் டீயைக் குடித்துவிட்டாள்.

2024 டிசம்பர் 12

திரும்பி வந்துவிட்டது.

மேடம் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "நாற்பது பேர். ஒரு 'இல்லை' கூட இல்லை. எப்படி?"

எப்படி என்றால் — நன்றாகப் பேட்டி எடுத்தேன், அதான் எப்படி! என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். என் கேள்விகளுக்குக் கீழே மெல்லிசாகக் கோடு போட்டிருந்தார். "வீட்ல வெச்சுத் தெக்கறது வசதியா இருக்கா, இல்ல ரொம்ப வசதியா இருக்கா?" இதை நானா கேட்டேன்? நான்தான் கேட்டேன். "டெய்லர் உங்கள நல்லா நடத்தறாரா, சொந்தக்காரங்க மாதிரி நடத்தறாரா?"

வெள்ளையா, கிரீமா.

நாற்பது பேருக்கும் பதிலை விற்றிருக்கிறேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சுத்தமான விற்பனை நடந்ததில்லை, ஒன்றுக்கும் உதவாது.

மறுபடி எடுக்க வேண்டும். மார்ச் இருபதுக்குள். இல்லையென்றால் அடுத்த வருடம். அடுத்த வருடம் என்றால் காலண்டரில் இன்னொரு முந்நூற்று அறுபத்தைந்து கோடு.

எனக்குப் பேசத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. கேக்கவே தெரியலையே எனக்கு.

2024 டிசம்பர் 13

மேடமிடம் போய் நின்றேன். இதைச் செய்ய முடியாது மேடம், இது என் ரத்தத்தில் இருக்கிறது என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஒரு கேள்வி கேளுங்க. 'இந்த வேலையப் பத்திச் சொல்லுங்க.' அவ்வளவுதான். அப்புறம் பத்து எண்ணுங்க."

"பத்துக்குள்ள அவங்க பேசலன்னா?"

"இன்னொரு பத்து."

2025 ஜனவரி 7

பத்து எண்ண முடியவில்லை. மூன்றில் வாய் திறந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து கோட் பட்டன் ஒன்றை எடுத்துக் கழுவி வாயில் போட்டுக்கொண்டேன். நாலு துளை, பெரிய சைஸ். அது உள்ளே இருந்தால் பேச முடியாது.

இவர் பார்த்துவிட்டார். "முழுங்கிட்டா என்ன பண்றது?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்ததில் பயந்துபோய் அவரே பத்து நிமிஷம் பேசினார். அவருக்கு உயரம் என்றால் பயமாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு! கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம், இன்றைக்குத்தான் சொல்கிறார்.

பட்டன் வேலை செய்கிறது.

2025 ஜனவரி 10

நாத்தனார் பகலிலும் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறாள், நான் பேட்டிகளுக்குப் போகிறேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்பதற்குள் அவளே சாவியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

2025 ஜனவரி 16

மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. சட்டைக் கடைக்குக் காஜா போடுகிறவர். கேள்வியைக் கேட்டேன், பட்டனை வாயில் போட்டுக்கொண்டேன், காத்திருந்தேன்.

என் கன்னத்தைப் பார்த்து, "எனக்கும் ஒரு மிட்டாய் குடுங்க," என்றார்.

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? மிட்டாய் கொடுக்காத கஞ்சப்பிசினாறி என்று நினைத்திருப்பார். ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். முப்பது எண்ணினேன். அப்புறம் குனிந்தபடியே சொன்னார்:

"ரோட்ல போகும்போது ஆளுங்க நெஞ்சத்தான் பாப்பேன். தப்பா நெனைக்காதீங்க. நான் போட்ட காஜா எனக்குத் தெரியும். ஓரத்துல ஒரு முடிச்சு அதிகமாப் போடுவேன். நேத்துகூட பஸ்ல ஒருத்தர். எறங்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். இத யார்ட்டயும் சொன்னதில்ல."

போன நவம்பரில் இதே ஆள். வசதியா, ரொம்ப வசதியா என்று கேட்டேன். ரொம்ப வசதி என்றார். அதைக் கச்சிதமான பதில் என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

2025 பிப்ரவரி 5

பத்தொன்பது பேர். ஏழு பேர் 'இல்லை' என்று சொல்லியாயிற்று. ஒரு அம்மா என் எதிரிலேயே டெய்லரைத் திட்டித் தீர்த்தார். அவர் என் பழைய வாடிக்கை. திட்டத் திட்ட எனக்குக் குளிர்ந்தது.

ஒரே குறை, சிலர் காஜா வேலையில் கண் போனதைச் சொல்கிறார்கள். எழுதிக்கொள்கிறேன். ஆறுதல் விற்க நாக்கு துடிக்கிறது. பட்டன் விடவில்லை.

2025 மார்ச் 11

முப்பத்தொன்பது. நாற்பதாவது ஆள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார், எங்கே என்று டெய்லருக்கே தெரியவில்லை. ஒப்புதல் தாளில் நாற்பது என்று இருக்கிறது. ஒன்பது நாள்தான் பாக்கி. அலைந்து பார்த்தேன், புதிதாக யாரும் கிடைக்கவில்லை.

நர்ஸிடம் புலம்பினேன். அவள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "உங்க கடைல அந்த அட்டைல எல்லாம் பட்டன் தெக்கறது யாரு?"

 

2025 மார்ச் 12

பின்னறை. எதிரே நாத்தனார், மடியில் பாதி தைத்த அட்டை. நடுவில் என் போன், பதிவு ஓடுகிறது. பதினேழு வருடமும் ஒன்பது மாதமும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். இந்த வேலையைப் பற்றிச் சொல் என்றேன். பட்டனை வாயில் போட்டேன்.

அவள் ஊசியைப் பார்த்தாள். ஒன்பது பட்டன் தைத்தாள். எண்ணினேன்.

"போர் அண்ணி," என்றாள். "மொத பதினஞ்சு வருஷமும் போர். நாலு துளை, நாலு துளை. வெளிய நீங்க ஆளுங்களோட பேசறது இங்க கேக்கும். 'இவருக்கு அந்தக் கலர் எடுக்காது, அண்ணி தப்பாக் குடுக்கறாங்க'ன்னு உள்ள உக்காந்து சொல்லிக்குவேன்."

தப்பாகவா? நானா? பட்டனைக் கடித்தேன்.

"அப்புறம் நீங்க வந்து நாலு மணியா அஞ்சு மணியான்னு கேட்டீங்க. மூணுன்னு கேட்டிருந்தா மூணுன்னு சொல்லியிருப்பேன்."

மறுபடி ஊசி. நான் கதவைப் பார்த்தேன், அதன் பின்னால் இருந்த காலண்டரை. அவளும் பார்த்தாள்.

"அதப் பாத்துட்டீங்க இல்ல. எத்தன நாள் மிச்சம் இருக்குன்னு எண்றேன்."

எப்போது முடியும் என்றுதானே, எனக்குத் தெரியாதா, மன்னித்துக்கொள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன் — எல்லாம் தொண்டை வரை வந்தது. பட்டன்.

"முடியக் கூடாதுன்னு," என்றாள். "கோட் டெய்லரு, அந்தச் சின்னப் பசங்க சட்ட தெக்கறவங்க, எல்லாரும் ஏழு மணிக்கு மேல எனக்காக வர்றாங்க. கலரு சேத்துக் குடுக்கச் சொல்லி. உங்ககிட்ட சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க. நீங்க பாடுபட்டுப் பண்ண கடை."

பதிவை நிறுத்தினேன். போனில் பதினோரு நிமிஷம் என்று காட்டியது, அதில் பாதி சத்தமே இல்லை.

எழுந்து வந்து முகம் கழுவினேன். அழுததை இங்கே எழுத வேண்டியதில்லை. சிரிப்பும் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆளைச் சொல்லிவிடுவேனாம், நான்!

2025 மார்ச் 19

ஒப்படைத்தேன். ஒரு நாள் முன்னதாக.

2025 ஏப்ரல் 3

மேடம் பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார். நாற்பதாவது பேட்டியின் ஓரத்தில் மட்டும் எதுவும் இல்லை. காலியாக விட்டிருக்கிறார்.

2025 ஜூன் 5

தேறிவிட்டேன். மூன்று வருடம், ஆறு கட்டம், ஒன்றுகூட வழுக்கவில்லை. இவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார். சமூகவியலை வைத்து என்ன செய்வது என்று ஒருவர் அவரிடம் கேட்டாராம். "பேசாம இருக்கலாம்," என்றாராம்.

2025 ஜூன் 14

பட்டமளிப்பு. கறுப்பு அங்கி. வாடகைக்குக் கொடுத்தது. காலர் கொக்கி தளர்ந்திருந்தது, நான் வரிசையில் நின்றபடியே பத்துப் பேருக்குச் சரி செய்து விட்டேன். நர்ஸ் எனக்கு முன்னால் போய் வாங்கினாள், அவளுக்கு நான் போட்ட விசிலில் மேடம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தால் அட்டை மேஜைமேல். டீக்கறையோடு, பென்சில் அம்புகளோடு. ஆறாவது கட்டத்துக்குக் கீழே நாத்தனார் அந்தக் கோட் பட்டனைத் தைத்து வைத்திருக்கிறாள். நாலு துளையிலும் சிவப்பு நூல்.

2025 ஜூன் 16

கெடு நாள்.

நாலு மணிக்குக் கடைக்குப் போனேன். நாத்தனார் கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒதுங்கினாள். கோட் டெய்லர் ஒரு துணியைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மூன்று மாதமாக எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நீ ஆறு மணி வரைக்கும் இருக்கியா, எட்டு மணி வரைக்கும் இருக்கியா?" என்று கேட்டிருந்தால் ஒரே வினாடியில் முடிந்திருக்கும். நாக்கு நுனியில் இருந்தது.

"இன்னிலேர்ந்து சாயங்காலம் நான் வரட்டுமா?" என்றேன்.

வாயில் பட்டன் இல்லை. எண்ணினேன். டெய்லரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஏழில் சொன்னாள்.

"வேணாம் அண்ணி."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்துபோனாள். நான் சரி என்றேன். பாட்டில் கல்லாவுக்குத் திரும்பியது. டெய்லர் துணியை விரித்தார், அவள் மூன்று பெட்டியைத் திறந்தாள். நானாக இருந்தால் பழுப்புதான் எடுத்திருப்பேன். அவள் சாம்பல் நிறத்தை வைத்தாள். அதுதான் சரி. என்னத்தைச் சொல்ல.

வெளியே வந்தேன். நாலேகால் மணி. இருபத்தேழு வருடத்தில் இந்த நேரத்துக்குத் தெருவில் சும்மா நின்றதில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீலச் சட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பார்த்தேன். காஜா ஓரத்தில் ஒரு முடிச்சு அதிகம்.

அவர் பஸ் ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.